முறைப்பாடு வராத தோட்டப் பிரிவில் மேற்பார்வை நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பனிமலை (மஸ்கெலியா):

பெருந்தோட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். தோட்டத்தின் பெயரும் கம்பனியின் பெயரும் இந்த விவாதத்துக்குத் தேவையில்லை என்பதால் அவற்றை எழுதவில்லை. எங்கள் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் நாட்சம்பளம் ஒன்றுதான், பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு ஒன்றுதான், பெரிய துரையும் (தோட்ட முகாமையாளரும்) ஒருவர்தான். ஆயினும் மேற்பிரிவிலிருந்து வாரந்தோறும் ஆபீசுக்கு முறைப்பாடு வருகிறது. நிறுவையில் கூடுதலாகக் கழித்துவிட்டார்கள், மழையில் நின்று பறித்ததற்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுவிட்டார்கள், நல்ல மலையை (கொழுந்து பறிக்கும் இடத்தை) எப்போதும் ஒரே சிலருக்குத்தான் கொடுக்கிறார்கள், பறிப்பவர்களை மலையில் நேரடியாக மேற்பார்வை செய்யும் கங்காணி பெண்களிடம் மரியாதையில்லாமல் பேசுகிறார் என்று அவை நீளும். கீழ்ப்பிரிவிலிருந்து பல மாதங்களாக ஒரு கடிதம்கூட வரவில்லை.

இதை வைத்துக் கீழ்ப்பிரிவில் உறவு சீராக இருக்கிறது என்றும் மேற்பிரிவில் மேற்பார்வை பிழைத்துவிட்டது என்றும் அறிக்கை எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழ்ப்பிரிவில்தான் வேலைக்கு வராதோர் அதிகம். கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போகும் இளையோரும் அங்கேதான் அதிகம். மேற்பார்வை செய்பவருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவின் தரம் முறைப்பாடுகளின் எண்ணிக்கையில் தெரியுமா? தெரியாதென்றால் வேறு எதில் தெரியும்? அனுபவமுள்ளவர்களும் இத்துறையைப் படித்தவர்களும் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஐயா (பண்டாரவளை):

தங்கை, நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளின் கைக்குப் போவதற்கு முன்பும் பின்பும் மலையில் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சம்பளம், காணி, லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கூரை போன்ற பெரிய குறைகளைத் தீர்க்கும் அதிகாரம் கங்காணியிடமும் இல்லை, ஐயா எனப்படும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் இல்லை. அவற்றுக்குக் கொழும்பில்தான் முடிவு. ஆனால் ஆபீசுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி காலைப் பிரட்டில் (ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரத்தில்) தொடங்கி மாலை நிறுவையில் முடியும் ஒரே நாளுக்குள் நடந்தவையாகவே இருக்கும். யாருக்கு எந்த மலை, யாருக்கு எந்த நிரை (தேயிலைச் செடி வரிசை), ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிப்பது, அளவு வராதபோது முழுப்பேரா அரைப்பேரா, பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு) பால் கொடுக்கப் போன தாய் பிந்தி வந்தால் விடுவதா திருப்பி அனுப்புவதா என்பவைதான் அந்த நாளின் தீர்மானங்கள். நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும். மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பது தராசின் அருகே நிற்பவரின் மனத்தில்தான் இருக்கும். விதி எங்கே வாய் திறக்கவில்லையோ அங்கே உறவுதான் பேசும்.

ஒரே இரண்டு கிலோவை இரண்டு பேர் கழிப்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தராசின் முகத்தைப் பறித்தவர் பக்கம் திருப்பி, கொழுந்தைக் கையில் அள்ளிக் காட்டி, எல்லோருக்கும் இன்று இந்தக் கழிவுதான் என்று முதல் ஆளுக்கே சொல்லிவிடுகிறார். மற்றவர் தராசைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் எழுதுகிறார், கேட்டால் எரிந்து விழுகிறார். இழப்பு இருவரிடமும் ஒன்றே. கடிதம் வருவது இரண்டாமவரைப் பற்றி. ஆகவே உறவுக்கும் முறைப்பாட்டுக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தொடர்பு மிக நெருக்கமானது. ஆனால் உங்கள் மேலதிகாரிகள் அதைப் படிக்கும் விதம் சரியா என்பது வேறு கேள்வி.

ஆய்வு மாணவர் (பேராதனை):

ஐயா சொன்ன தராசு உதாரணத்துக்கு ஆய்வுலகில் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1962இல் எட்வின் பிளைஷ்மன், எட்வின் ஹாரிஸ் என்ற இருவர் அமெரிக்காவின் பாரவூர்தித் தொழிற்சாலையொன்றில் 57 மேற்பார்வையாளர்களையும் அவர்களின் கீழ் எழுந்த முறைப்பாடுகளையும் ஒப்பிட்டார்கள். மேற்பார்வையாளரின் நடத்தையில் இரண்டு தன்மைகளை அவர்கள் அளந்தார்கள். தொழிலாளியின் உணர்வை மதித்து நம்பிக்கையோடு நடக்கும் பரிவு ஒன்று. வேலையை வகுத்து, அளவு குறித்து, கண்டிப்புடன் வாங்கும் ஒழுங்கு மற்றது.

பரிவு குறையக் குறைய முறைப்பாடு கூடியது எவரும் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அது நேர்கோட்டில் கூடவில்லை. பரிவு ஓரளவுக்கு மேல் இருந்தவர்களிடையே, இன்னும் கூடுதலாக இருந்தாலும் முறைப்பாட்டில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே போனதும் முறைப்பாடு செங்குத்தாக ஏறியது. கண்டிப்பு மிகும்போதும் முறைப்பாடு கூடியதுதான். ஆயினும் பரிவு மிகுந்தவர்கள் கண்டிப்பைக் கூட்டியபோது முறைப்பாடு அதிகம் உயரவில்லை. பரிவு குறைந்தவர்களிடம் கண்டிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறைப்பாடு உயர்ந்தே இருந்தது. கொழுந்து நன்றாக வர வேண்டுமென்றால் கடுமையாகப் பேசித்தான் ஆக வேண்டும் என்று நம் தோட்டங்களில் சொல்லப்படும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் வாசித்ததில்லை. வேலையைக் கண்டிப்பாக வாங்குவதும் ஆளை மதிப்பதும் ஒன்றையொன்று தள்ளுபவை அல்ல.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1970களில் ஜோர்ஜ் கிரேன் முதலானோர் மேற்பார்வையாளர் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்ற இடத்திலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொருவரோடும் அவருக்குத் தனி உறவு உண்டு. சிலர் நம்பிக்கைக்குரிய உள்வட்டத்தில் இருப்பார்கள், மற்றவர்கள் வேலைக்கும் கூலிக்குமான வெறும் கணக்கோடு வெளியே நிற்பார்கள். அவ்வாறாயின் ஒரு பிரிவின் உறவு நல்லதா கெட்டதா என்று கேட்பதே போதாது. யாரோடு நல்லது, யாரோடு கெட்டது என்று கேட்க வேண்டும்.

கொழுந்துக்கூடை (அக்கரப்பத்தனை):

நான் ஆசிரியை. என் தாய் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவர். என் அக்கா இன்றும் மலையில்தான் இருக்கிறார். உள்வட்டம் என்று தம்பி எழுதியதை எங்கள் லயத்தில் சிறு பிள்ளையும் விளக்கும். கங்காணியின் உறவினருக்கும், அவர் சேர்ந்த சங்கத்தைச் சேர்ந்தவர்களுக்கும், சில இடங்களில் அவர் சாதியைச் சேர்ந்தவர்களுக்கும் வழிக்கு அருகில் கொழுந்து செழித்த நிரை. மற்றவர்களுக்குப் பள்ளத்திலும் கல்லிலும் நிரை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்த நாளின் இழப்பைச் சம்பள நாளில்தான் முழுமையாக உணர்வார்கள். அதற்குள் எந்த நாள், எந்த மலை, எத்தனை கிலோ என்று நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கீழ்ப்பிரிவின் அமைதியைப் பற்றி. பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். கங்காணி, கணக்கப்பிள்ளை, வெளிக்கள உத்தியோகத்தர், துரை என்று அவர்களுக்கு மேலே நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சங்கத்தின் தோட்டத் தலைவரும் பெரும்பாலும் ஆண்தான். கங்காணி பேசிய பேச்சை ஒரு பெண் முறைப்பாடாக எழுத வேண்டுமென்றால் அதை முதலில் தலைவரிடம் தன் வாயால் சொல்ல வேண்டும், பிறகு ஆபீசில் எல்லோர் முன்னிலையிலும் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகு அதே கங்காணியின் கீழ் மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். வீட்டில் கணவனோ மாமியாரோ நீ என்ன செய்தாய் என்று கேட்பதும் உண்டு. இத்தனையையும் தாண்டி ஒரு கடிதம் வந்தால் அது அந்தப் பிரிவில் இன்னும் நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்பதற்கான சாட்சி. கடிதமே வராத பிரிவில் ஒன்றில் எல்லாம் தராசடியிலேயே நியாயமாகத் தீர்கிறது, அல்லது எவரும் எதையும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இவ்விரண்டையும் எண்ணிக்கை பிரித்துக் காட்டாது.

பனிமலை (மஸ்கெலியா):

அக்கா எழுதிய கடைசி இரண்டு வரிகளுக்காகவே இந்த இழையைத் தொடங்கினேன் என்று தோன்றுகிறது. தொழிற்சங்கத்தில் உள்ளவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

சங்கத் தோழர் (ஹட்டன்):

மாவட்டப் பிரதிநிதியாகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். முதலில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். முறைப்பாட்டின் எண்ணிக்கை கங்காணியின் குணத்தை மட்டும் சார்ந்ததல்ல, தோட்டத் தலைவரின் சுறுசுறுப்பையும் சார்ந்தது. ஒரே பிரிவில் இரண்டு மூன்று சங்கங்கள் ஆள் சேர்க்கும் காலத்தில் கடிதங்கள் பெருகும். ஒரு சங்கம் எழுதினால் மற்றதும் எழுதும். ஒரே சங்கம் வேரூன்றிய பிரிவில், தலைவரும் கங்காணியும் சம்பந்தி முறையாக இருந்தால், எழுத வேண்டியதும் எழுதப்படாது. மேற்பிரிவில் எத்தனை சங்கங்கள், கீழ்ப்பிரிவில் எத்தனை என்று சகோதரி பார்க்க வேண்டும்.

ஆயினும் இந்தக் கடிதம் எழுதும் உரிமையைச் சிறிதாக எண்ணக்கூடாது. தோட்டங்களுக்கு ஆள் திரட்டி வந்த பெரிய கங்காணிகளின் காலத்தில் தொழிலாளியின் குறையைத் துரையிடம் கொண்டுபோகும் வாயும் அவரே, தொழிலாளிக்குக் கடன் கொடுத்துக் கட்டிவைத்த கையும் அவரே. கடனோடு ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. தோட்டங்களில் சங்கங்கள் காலூன்றிய 1940ஆம் ஆண்டின் ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அவரை மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகியாக இன்றும் நினைவுகூருகிறோம். குறையைக் கங்காணியைத் தாண்டி ஒரு சங்கத்தின் மூலம் சொல்லலாம் என்ற நிலை இவ்வாறு விலை கொடுத்துப் பெற்றது.

இப்போதைய சிக்கலுக்கு வருகிறேன். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் மூலம் அடிப்படைச் சம்பளம் 900 ரூபாவும் வரவுசெலவுத் திட்டப் படி 100 ரூபாவுமாக 1,000 ரூபா வர்த்தமானியில் வெளியானது. அதனோடு கம்பனிகள் சங்கங்களோடு செய்துவந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. 2024 செப்டெம்பரில் அந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. சம்பளத்தை வர்த்தமானி நிர்ணயிக்கும், ஆனால் பறிக்கும் அளவையும் கழிவையும் இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் மேசை போய்விட்டது. 2021க்குப் பிறகு பல தோட்டங்களில் அளவைக் கூட்டியதாகத் தொழிலாளர்கள் குறை சொன்னார்கள். மேலே பேசித் தீர்க்க வேண்டியது இன்று கங்காணிக்கும் பறிப்பவருக்கும் இடையிலான சண்டையாகக் கீழே இறங்கியிருக்கிறது. ஆகவே உறவு கெட்டதால் முறைப்பாடு வருகிறது என்பது பாதி உண்மை. முறைப்பாடு போக வேண்டிய வழி அடைபட்டதால் உறவு கெடுகிறது என்பது மறுபாதி.

பழைய ஐயா (பண்டாரவளை):

தோழர் கடைசியில் சொன்னதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். கங்காணிகளுக்காகவும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் மீண்டும் எழுதுகிறேன். பல தோட்டங்களில் கங்காணியும் நாட்சம்பளக்காரர்தான், அதே லயத்தில்தான் குடியிருக்கிறார். இன்று இத்தனை கிலோ வர வேண்டும் என்று துரை ஐயாவிடம் சொல்வார், ஐயா கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், அது கங்காணியை அடையும்போது சொல்லாக இருந்தது ஏச்சாக மாறியிருக்கும். அந்த ஏச்சை அவர் யாரிடம் இறக்குவார்? ஆள் குறைந்து, மலை காடு பிடித்து, பறிக்கும் சுற்று நாட்கணக்கில் பிந்தும் தோட்டத்தில் எவ்வளவு நல்ல மனிதரும் பொறுமை இழப்பார். துரை தன் உத்தியோகத்தரை நடத்தும் விதம் அப்படியே படியிறங்கி நிரை வரை வருவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். துரை மாறியதும் அதே கங்காணி வேறு மனிதராக நடந்துகொண்டதும் உண்டு.

பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படி எடுப்பது, கவ்வாத்து எப்போது வெட்டுவது, உரம் எவ்வளவு போடுவது என்பதற்கெல்லாம் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரைகள் தோட்டம் வரை வருகின்றன. பறிப்பவர் மறுத்துப் பேசும்போது என்ன பதில் சொல்வது, அரைப்பேர் போட வேண்டி வந்தால் அதை எப்படி முகத்துக்கு நேரே அறிவிப்பது என்று எந்தக் கங்காணிக்கும் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை என் சேவைக்காலத்தில் நான் பார்க்கவில்லை.

ஆய்வு மாணவர் (பேராதனை):

முறைப்பாடு செய்த பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கொழுந்துக்கூடை அக்கா தொட்டார். டேவிட் லெவின், ரிச்சர்ட் பீற்றர்சன் ஆகியோர் அமெரிக்காவில் உருக்கு ஆலை, கடைகள், மருத்துவமனைகள், பாடசாலைகள் என நான்கு துறைகளில் ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேரடியாகப் பொருந்துகிறது. முறைப்பாடு செய்தவர்களுக்கு அதற்குப் பின்வந்த காலத்தில், செய்யாதவர்களைவிடக் குறைந்த மதிப்பீடும் குறைந்த பதவி உயர்வும் கிடைத்தன. வேலையை விட்டுப் போனவர்களும் அவர்களிடையே அதிகம். முறைப்பாட்டுக்கு இலக்கான மேற்பார்வையாளர்களிடமும் இதே போக்கு காணப்பட்டது. எழுதினால் அடி விழும் என்று தொழிலாளி அஞ்சுவது வீண் பயமல்ல.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் சொன்னபடி, ஓரிடத்தில் அதிருப்தி கொண்டவருக்குக் குரல் எழுப்பல், வெளியேறல் என்ற இரண்டு வழிகள் உள்ளன. குரல் பயனற்றது என்று தெரிந்தால் வெளியேறல் கூடும். கீழ்ப்பிரிவில் வேலைக்கு வராதோரும் கொழும்புக்குப் போவோரும் அதிகம் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். அங்கே முறைப்பாடு இல்லாமல் இல்லை, அது பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.

பனிமலை (மஸ்கெலியா):

அனைவருக்கும் நன்றி. அறிக்கையில் முறைப்பாட்டின் எண்ணிக்கையோடு வேறு சிலவற்றையும் சேர்க்கத் தீர்மானித்திருக்கிறேன். ஒவ்வொரு கங்காணியின் கீழும் வேலைக்கு வராத நாட்கள், ஒரு கங்காணியிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றம் கேட்டவர்கள், அரைப்பேர் யார் யாருக்குத் திரும்பத் திரும்ப விழுந்தது, எந்த மலை யாருக்குப் போனது என்பவை செக்ரோலிலும் (வரவு, சம்பளப் பதிவேட்டிலும்) வெளிக்களப் பதிவுகளிலும் ஏற்கெனவே கிடக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தவர் இல்லை என்பதுதான் குறை.

இரண்டு சந்தேகங்கள் மீதம் உள்ளன. குறைகளை ஆராய்வது பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டு 130ஆம் இலக்கப் பரிந்துரை, பொதுவாக முதலில் நேரடி மேற்பார்வையாளரிடமே பேசித் தீர்க்க முயல வேண்டும் என்கிறது. முறைப்பாடே அந்த மேற்பார்வையாளரைப் பற்றியது என்றால் தொழிலாளி எங்கே தொடங்குவது? இரண்டாவதாக, ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற சர்வதேச அமைப்பின் நிலைபேறான விவசாயச் சான்றிதழுக்காக வைக்கப்பட்ட முறைப்பாட்டுப் பெட்டி எங்கள் ஆபீஸ் வாசலில் தொங்குகிறது. அதில் எவரும் எதையும் போடுவதில்லை.

சங்கத் தோழர் (ஹட்டன்):

அதே பரிந்துரை, முறைப்பாடு செய்ததால் தொழிலாளிக்கு எந்தப் பாதிப்பும் வரக்கூடாது என்றும், துணைக்கு ஒருவரோடு அவர் வரலாம் என்றும் சொல்கிறது. அதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கங்காணியைப் பற்றிய குறை கங்காணியிடம் போகக்கூடாது, ஐயாவைப் பற்றிய குறை ஐயாவிடம் போகக்கூடாது என்பதைத் தோட்டம் எழுத்தில் அறிவிக்கச் செய்யுங்கள். துரை வாரத்தில் ஒரு நாள் ஆபீசில் குறை கேட்கும் வழக்கம் உள்ள இடங்களில், சம்பந்தப்பட்டவர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிற்பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாயசபைக்கு வழக்குகள் போகின்றன. ஆனால் அங்கே போவது பெரும்பாலும் வேலைநீக்கமும் பணிக்கொடையும்தான். நிரை பிரித்த பாகுபாட்டையும் ஏச்சையும் கேட்கத் தோட்டத்துக்குள்ளேயே இடம் இல்லையென்றால் வேறெங்கும் இல்லை.

கொழுந்துக்கூடை (அக்கரப்பத்தனை):

பெட்டியை ஆபீஸ் வாசலிலிருந்து எடுத்துவிடுங்கள் தங்கச்சி. அங்கே ஒரு பெண் நின்றால் பிரட்டுக்களமே பார்க்கும். பிள்ளைக் காம்பராவில் வைத்தால் தாய்மார் எல்லோரும் நாளுக்கு இருமுறை அங்கே போவார்கள், யார் போட்டார் என்று எவருக்கும் தெரியாது. சாவி உங்களிடமும் சங்கத்தின் மாதர் பிரிவைச் சேர்ந்த ஒருவரிடமும் இருக்கட்டும், கணக்கப்பிள்ளையிடம் வேண்டாம். எழுதத் தெரியாத மூத்தவர்கள் வாயால் சொன்னால் நீங்களே எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.

பதிலைத் தமிழில் கொடுக்க வைப்பதையும் விட்டுவிடாதீர்கள். என் அக்கா ஒருமுறை கழிவைப் பற்றி எழுதியதற்கு ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை வாசித்துச் சொல்லும்படி அவர் கொண்டுபோய்க் கேட்க வேண்டியிருந்தது அதே கணக்கப்பிள்ளையிடம்.